ஹோவிக் பயணத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

மண்டேலா பிறந்தநாளை ஒட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதிப் பெரியவர்களை ஹோவிக் ஊருக்கு அருகிலுள்ள மண்டேலா சிலைக்குக் கூட்டிப்போய் வர உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேஷத்தில் டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் திரும்பிக்கொண்டிருந்த மண்டேலாவைப் போலீஸ் மடக்கிய இடம் அது. அப்புறம் அவர் வெளியே வர 27 வருஷத்துக்கு மேல் ஆனது. கைதாகி ஐம்பது ஆண்டு நிறைந்த 2012இல் சிற்பி மார்கோ சியன்ஃபனெல்லி அங்கே 50 இரும்புத் தூண்களை நிறுத்தினார். கிட்டே போனால் வெறும் தூண்கள்தான். சுமார் 35 மீட்டர் தள்ளி, சரியான இடத்தில் நின்றால்தான் மடிபாவின் (மண்டேலாவை அன்போடு அழைக்கும் குலப்பெயர்) முகம் கூடிவரும்.

சக்கர நாற்காலிகளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. அங்கிருந்த ஜூலு வழிகாட்டித் தம்பி, பார்வை மங்கிய ஓர் ஆயாவின் நாற்காலியை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். "வெறும் கோடு கோடா இருக்குய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆயா, திடீரென்று "மூக்கு வந்திடுச்சு! இரு, அசைக்காதே!" என்று கையைத் தூக்கினார். தமிழ் தெரியாத பிள்ளை, கையைப் பார்த்தே புரிந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஙியபோங்கா (ஜூலுவில் நன்றி), தம்பி. முதல் நன்றி உங்களுக்குத்தான்.

பெரிய எழுத்தில் தமிழ்க் குறிப்பு அச்சடித்துத் தந்த ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கைதுக்கு முந்தைய இரவு மண்டேலா தங்கியிருந்தது டர்பனில் புகைப்பட நிருபர் ஜி. ஆர். நாயுடு வீட்டில், அன்றைய விருந்துக்கு நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கரும் வந்திருந்தார். இதைப் பஸ்ஸில் வாசித்ததும் பேரப்பிள்ளைகள் நம்ம ஊரிலா, நம்ம நாயுடு வீட்டிலா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தாத்தாக்கள் கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற அந்தக் காலத்துப் பாஸ் சட்டத்தையும் போலீஸ் வேட்டையையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இவையெல்லாம் வீட்டில் பேசப்படவேண்டிய கதைகள் என்று நெடுநாளாக நினைத்தவள் நான். மனசு நிறைந்துவிட்டது.

விடியுமுன் எழுந்து புளிச்சோறும் சமூசாவும் கட்டித்தந்த அக்காமார், ஜூலைக் குளிருக்குக் கம்பளிகள் கொடுத்தவர்கள், ஏறி இறங்க ஒவ்வொருவருக்கும் கைகொடுத்த பஸ் ஓட்டுநர் அண்ணன், பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பஸ் வாடகையைக் கட்டியவர்கள், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

உடம்புக்கு முடியாமல் வராதவர்களுக்கும் தமிழ்க் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறோம். இந்த வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறோம்.