தர்ன் ஆற்றில் எங்களைக் கரைசேர்த்தவருக்கு

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், தர்ன் ஆற்றில், போன ஞாயிறு எங்கள் மிரர் படகு கவிழ்ந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று 1963-இல் அறிமுகமான, சிவப்புப் பாய் கட்டும் சின்னப் படகு. பின்காற்றில் போகும்போது பாய் சட்டென்று மறுபக்கம் அடித்தது. நான், மனைவி, மகள் மூவரும் தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். ஆனாலும் மகள் நடுங்கிப்போனாள்.

கூப்பிடாமலே வந்தீர்கள், ஐயா. நெருங்கியதும் உங்கள் மோட்டார் படகின் எஞ்சினை அணைத்தீர்கள். அதன் விசிறி எங்கள் காலில் பட்டுவிடக் கூடாது என்றுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. முதலில் மகளைத் தூக்கி உங்கள் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டீர்கள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் என்னை ஏறிச் சாயச் சொன்னீர்கள், படகு நிமிர்ந்தது. கூடவே தண்ணீர் இறைத்தீர்கள், கரைவரை கட்டி இழுத்தும் வந்தீர்கள்.

அதோடு போயிருக்கலாம். காலிப் பால் பாட்டிலை மூடி இறுக்கிப் பாய்மர உச்சியில் கட்டினீர்கள். இனிக் கவிழ்ந்தாலும் படகு லேசில் தலைகீழாகாது என்றீர்கள். எங்களுடைய அடுத்த பயணத்தையும் நினைத்தீர்களே, அதுதான் மனசிலேயே நிற்கிறது.

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது. அங்கே படகு விடும் தமிழர் யாராவது இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.