வேண்டாம் என்று சொல்லும் உரிமை

அன்புள்ள நண்பா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. போன கடிதத்தில் வரிக்கு நாலு சொல்தான் இருந்தது. இந்த முறை பழையபடி நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறாய். சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே.

இங்கே வீட்டில் மகளின் பள்ளியைப் பற்றித்தான் பேச்சு. தோழிகளோடு சேர்ந்து அவள் தொடங்கிய சின்னப் பள்ளிக்கு இன்னும் அங்கீகாரம் வரவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் வகுப்பறையின் நீள அகலத்தை அளந்தார்கள், பதிவேடுகளைப் புரட்டினார்கள், கோப்பில் இல்லாத ஒரு சான்றிதழைக் கேட்டார்கள். ஒரு பிள்ளையைக்கூட அழைத்து வாசிக்கச் சொல்லவில்லை. எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளைகள் இன்று கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள். அதைக் குறிக்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அந்த வேகத்தில்தான் போன கடிதத்தில், பள்ளிக்கூடத்தை விட்டு அரசு வெளியேற வேண்டும் என்று எழுதினேன்.

உனக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. அரசுப் பள்ளியில் படித்து, அரசுப் பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நீ. "அரசு இல்லாவிட்டால் என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். வேகம் தணிந்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. உன்னைப் போன்றவர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. பாடத்திட்டம், பாடநூல், தேர்வு, சம்பளம், ஆய்வு எல்லாம் ஒரே கைக்குப் போனால், பெற்றோரும் ஆசிரியரும் 'வேண்டாம்' என்று சொல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் 1862-இல் நடந்ததைப் பார். அதற்கு முன் பள்ளிகளைப் பெரும்பாலும் மதச் சங்கங்களும் தனி ஆட்களும் நடத்தினார்கள். 1833 முதல் அரசு மானியம் மட்டும் கொடுத்து வந்தது. கல்விக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ, மானியத்துக்குக் கணக்கு வேண்டும் என்று ஒரு புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். மக்கள் பணத்துக்குப் பொறுப்புக் கேட்பதில் என்ன தவறு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பள்ளிகள் என்ன செய்தன? எதற்குப் பணம் வந்ததோ அதை மட்டும் நடத்தின. வரலாறும் புவியியலும் ஓரமாய்ப் போயின. ஆய்வாளர் வாசிக்கச் சொல்லும் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்; புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிக் கதைகள் உண்டு. கவிஞர் மாத்யூ ஆர்னல்ட் அப்போது பள்ளி ஆய்வாளர். உண்மையில் வாசிக்கவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளையையும் இந்தத் தேர்வில் தேற வைத்துவிடலாம் என்று அவர் தம் அறிக்கையிலேயே எழுதினார். அரசின் ஆய்வாளரே சொல்லியும் அந்த முறை ஒழிய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயிற்று. ஒரு பள்ளி தவறான வழியில் போனால் அடுத்த தெருப் பள்ளியைப் பார்த்துத் திருந்தலாம். நாடு முழுவதும் ஒரே விதி தவறாகப் போனால் எதைப் பார்த்துத் திருந்துவது?

இதை வாசித்தபோது உன் நினைவுதான் வந்தது. நீ நடத்தியதில் சிறந்த பாடங்கள் எவை என்று யோசித்துப் பார். பாடநூலை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டியவன் நீ. அன்று பாடக்குறிப்பேட்டில் என்ன எழுதினாய்? அட்டவணையில் இருந்த பாடத்தைத்தானே? உன் நல்ல வேலையை மேலதிகாரிக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது. உன்னைப் பெருமையாக முன்வைத்து நீ அரசுக்காக வாதாடுகிறாய். எனக்கோ, அந்த அமைப்பை மீறித்தான் நீ நல்லாசிரியனாக இருந்தாய் என்று படுகிறது.

அடுத்தது, பிள்ளை என்ன ஆளாக வளர வேண்டும் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி. இது இன்னும் கனமானது. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிக்கக் கூடாது என்று 1919-இல் சட்டம் போட்டது. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். ஒரேகான் அதற்கும் மேலே போனது. எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லாரும் பொதுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்ற சட்டத்தை 1922-இல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைப்பதே நோக்கம். கத்தோலிக்கரையும் வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அதற்காக மும்முரமாக வேலை செய்தது. உச்ச நீதிமன்றம் 1923-இல் முதல் சட்டத்தையும் 1925-இல் இரண்டாவதையும் தள்ளுபடி செய்தது. பிள்ளை அரசின் வெறும் படைப்பு அல்ல என்பது 1925 தீர்ப்பில் உள்ள வாசகம். மக்களாட்சி இருந்தால் இப்படி நடக்காது என்று நீ அடிக்கடி சொல்வாய். ஒரேகானில் பெரும்பான்மை மக்கள் வாக்குப் போட்டுத்தான் இதைச் செய்தார்கள் என்பதை மறக்காதே.

கனடாவில் காப்பாற்ற நீதிமன்றமும் வரவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்த 1920-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் இருந்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பல்லாயிரம் பேர் அடியும் அவமானமும் பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

"அந்தப் பள்ளிகளை நடத்தியவை திருச்சபைகள்தானே, அரசு பணம் மட்டும்தானே கொடுத்தது?" என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டடம் யாருடையது என்பதில் மட்டும் கண் வைத்தால் போதாது என்பதை எனக்கு உணர்த்தியதே இந்த வரலாறுதான். பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை அந்தப் பெற்றோருக்கு இல்லை. அந்த உரிமை இருந்திருந்தால், யார் நடத்திய பள்ளியானாலும் அது ஒரே ஆண்டில் காலியாகியிருக்கும்.

ஏழைகளைப் பற்றிய உன் கேள்விக்கும் இதே இடத்திலிருந்துதான் பதில் சொல்வேன். இன்று 'வேண்டாம்' என்று சொல்ல யாரால் முடிகிறது? வரியும் கட்டி, தனியார் பள்ளிக் கட்டணமும் கட்ட முடிந்தவரால். ஒரு பள்ளி எவ்வளவு மோசமானாலும் அதைவிட்டுப் போக முடியாமல் அகப்பட்டுக்கொள்வது ஏழை வீட்டுப் பிள்ளைதான். அரசு வருவதற்கு முன் ஏழைகள் எழுத்தே அறியாமல் கிடந்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. இங்கிலாந்தில் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் 1841-இல் ஆண்களில் நூற்றுக்கு 67, பெண்களில் 51. 1871-இல் அது 80-ஆகவும் 73-ஆகவும் உயர்ந்துவிட்டது. உள்ளூர் வாரியங்கள் மக்கள் வரிப்பணத்தில் நடத்தும் பள்ளிகளுக்கு வழி செய்த சட்டமே 1870-இல்தான் வந்தது; கட்டாயக் கல்வி 1880-இல், பெரும்பாலான பள்ளிகளில் கட்டணமில்லாக் கல்வி 1891-இல். இடையில் அரசு மானியமும் உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் கூலிக் குடும்பங்கள் வாராவாரம் தங்கள் கைக்காசைக் கட்டணமாகக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பின. ஏழைக்குக் கல்வியின் அருமை தெரியாது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பணம் இல்லாதவருக்கு அரசு கொடுக்கட்டும். 1859-லேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதைத்தான் சொன்னார்: பிள்ளைக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தலாம், ஏழையின் கட்டணத்துக்கு உதவலாம், கல்வி முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்தால் எல்லாரையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிடும். நெதர்லாந்து 1917-இல் அரசுப் பள்ளிக்கும் மதச் சமூகங்கள் நடத்தும் பள்ளிக்கும் சமமான பொதுப்பணம் என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. இன்று அங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் அரசு நடத்தாத பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கும் ஆய்வாளர் உண்டு, தேர்வு உண்டு. பணத்தின் பின்னால் விதியும் வரத்தான் செய்கிறது. அதை எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் அங்கே பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால் பணமும் பிள்ளையோடு போகிறது. அந்த ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றில் மட்டும் உன் உதவி வேண்டும். பிள்ளையைப் படிக்கவே அனுப்பாத பெற்றோரை என்ன செய்வது? பிள்ளைக்குத் தேர்வு வைத்து, தேறாவிட்டால் தகப்பனுக்கு அபராதம் போடலாம் என்றார் மில். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சுற்றி வந்து லோவின் தேர்விலேயே போய் நிற்கும் போலிருக்கிறது. நீ வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்தவன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் பிள்ளைகளைக்கூட அழைத்து வந்திருக்கிறாய். சட்டத்தைக் காட்டியா அழைத்து வந்தாய், பேசிச் சம்மதிக்க வைத்தா? எந்த வீட்டில் எது பலித்தது, எங்கே தோற்றாய் என்று ஒளிக்காமல் எழுது. கட்டாயம் இல்லாமல் முடியாது என்று உன் அனுபவம் சொன்னால் அதையும் அப்படியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்