சகதியில் இறங்கிய ஜீப்பும் துருவேறிய கம்பிக் கயிறும்

ஆசிரியருக்கு,

வணக்கம். மழை பிடித்துவிட்டால் போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டச் சாலைகளில் ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் சகதியில் இறங்கி நிற்பது வாடிக்கை. இழுத்துவிட இன்னொரு ஜீப்பும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே மாட்டுகிற சாமானைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. துருவேறிய கம்பிக் கயிறு, ஒரு முனை பம்பரில், மறுமுனை ஸ்பிரிங் பட்டையில். கயிற்றுக்குப் பக்கத்திலேயே வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

டீசல் போக மிஞ்சுவதே சொற்பம், இதில் நல்ல சாமானுக்கு எங்கே போவது என்று டிரைவர்கள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் இந்தக் கடிதம். பெரும்பாலான சாமானில் மிச்சம் பிடிக்கலாம். இரண்டு இடத்தில் மட்டும் பிடிக்கக் கூடாது: கயிற்றை வண்டியோடு சேர்க்கும் ஷேக்கிள் (திருகாணி போட்டு மூடும் வளைந்த இரும்பு வளையம்), அந்த ஷேக்கிளை மாட்டும் கொக்கி.

முதலில் காசில்லாத வேலை. ஆட்களை இறக்கிவிட வேண்டும். பத்துப் பேர் இறங்கினாலே 600 கிலோ குறையும். டயர் அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் மொத்த எடைக்குச் சமமான இழுவை வேண்டும், மட்கார்டு வரை போய்விட்டால் எடையைப் போல் இரண்டு மடங்கு வேண்டும் என்பது ராணுவ வண்டி மீட்பில் பின்பற்றும் தோராயக் கணக்கு. 30 டிகிரி ஏற்றமாக இருந்தால் அதன்மேல் பாதி எடை இன்னும் கூடும். ஆகவே மண்வெட்டியால் அரை மணி நேரம் வெட்டுவது ஒரு டன் இழுவையைச் சும்மா சம்பாதிப்பது மாதிரி. நான்கு டயருக்கும் முன்னால் சரிவாக வெட்டிவிட்டு, அச்சின் நடுவே குமிழாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங்குக்கு அடியில் மண் தட்டி நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். முக்கால்வாசி வண்டிகளை அந்தக் குமிழ்தான் நங்கூரம் மாதிரி பிடித்து வைத்திருக்கும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க டயர் தனக்குத்தானே குழி தோண்டும், கிளட்ச் பிளேட்டும் கருகும்.

அடுத்தது காற்று. 30 பவுண்டு இருக்கிற டயரை 20க்கு இறக்கினால் தரையில் படும் நீளம் கூடும், பிடி கிடைக்கும். டியூப்லெஸ் என்றால் 18 வரை போகலாம். 15க்குக் கீழே போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று வரும். பழைய ஜீப்புகளில் டியூப் டயர் இருப்பதால் 20க்குக் கீழே வேண்டாம். காற்று குறைந்த டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றும்போது உள்ளேயிருக்கும் டியூபின் வால்வு அறுந்துவிடும். பிறகு சகதியில் நின்றுகொண்டு டியூபும் மாற்ற வேண்டியதுதான். வெளியே வந்ததும் காற்று நிரப்பும் வரை 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காமல் வர வேண்டும். காற்று அளக்கும் கேஜ் ஒன்று, கால் பம்ப் ஒன்று போதும். 12 வோல்ட் கம்ப்ரசர் வாங்குவதானால் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதாக வாங்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் 10, 15 ஆம்பியருக்கு மேல் தாங்காது.

முன் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் கையால் திருப்புகிற வகை என்றால் லாக் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் போர் வீல் கியர் போடுவதில் பயனில்லை. பின் சக்கரம் ஒன்று மட்டும் சும்மா சுழன்றால் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தலாம். சுழலும் சக்கரத்தைத் தடுத்தால் மற்றதற்கு விசை போகும். ரொம்பப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல், கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும், அங்கே இந்த வித்தை பலிக்காது.

இனி கயிறு. வண்டி வைத்து வெட்டி இழுப்பதற்கு (கயிற்றில் தொய்வு விட்டு, முன் வண்டியை ஓட்டிச் சுண்டி இழுப்பதற்கு) நீளும் கயிறுதான் வேண்டும். நைலான் பெல்ட் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, ரப்பர் மாதிரி சுருங்கி வண்டியைப் பிடுங்கும். கம்பிக் கயிறும் சங்கிலியும் நீளாது. அந்த உதை முழுதும் ஒரே கணத்தில் கொக்கியில் இறங்கும், எது பலவீனமோ அது பறக்கும். கடைகளில் ‘டோ பெல்ட்’ என்று விற்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். சமதரையில் மெதுவாகக் கட்டி இழுக்க அது சரி, வெட்டி இழுக்க ஆகாது. லாரியில் லோடு கட்டும் ரேட்செட் பெல்ட் எதற்குமே ஆகாது, அதன் கொக்கிதான் முதலில் கிளம்பி வரும்.

எவ்வளவு பலம் வேண்டும்? இரண்டு வண்டியில் எது எடை குறைந்ததோ, அதன் லோடோடு சேர்ந்த எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு அறுபடும் பலம். லோடோடு 2,500 கிலோ வரும் ஜீப்புக்கு 5 முதல் 7.5 டன். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 8 டன், 9 மீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகல நைலான் பெல்ட் இதற்குப் பொருந்தும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 15 டன் வாங்கினால் அது நீளவே நீளாது, கம்பிக் கயிற்றுக்குக் காசு கொடுத்த கதைதான்.

பெல்ட் வாங்கவும் முடியாதென்றால் 20 மில்லிமீட்டர் மூன்று புரி நைலான் கயிறு. புதிதாக இருக்கையில் ஏறக்குறைய 8 டன் தாங்கும். நைலான் என்று சொல்லி பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கயிற்றைத் தலையில் கட்டுவார்கள். ஒரு துண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: பிளாஸ்டிக் மிதக்கும், நைலான் மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும் என்பதால் இழுத்தும் பார்த்து வாங்க வேண்டும். முனையில் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். புரியைப் பிரித்துப் பின்னிக் கண்ணி போடத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பின்னிக்கொள்ள வேண்டும். இரண்டு பெல்ட்டைச் சேர்ப்பதாக இருந்தால் நடுவில் ஷேக்கிள் கூடவே கூடாது. பெல்ட் அறுந்தால் அந்த ஷேக்கிள் பீரங்கிக் குண்டு. ஒன்றின் முனை வளையத்துக்குள் மற்றதைக் கோத்து, முடிச்சு இறுகாமல் இருக்க நடுவில் சுருட்டிய செய்தித்தாளைச் செருகினால் போதும். (முந்தாநாள் வந்த உங்கள் இதழுக்கு இப்படியும் ஒரு வேலை.)

ஷேக்கிளைப் பொறுத்தவரை 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிள் இரண்டு. உடலிலேயே ‘டபிள்யூ.எல்.எல். 4.75 டன்’ என்று புடைத்த எழுத்து இருக்க வேண்டும். அது தினமும் வேலை வாங்கக்கூடிய எடை, அறுபடும் எடை அதைவிடப் பல மடங்கு. எழுத்தே இல்லாமல் பளபளவென்று விற்பது வார்ப்பு இரும்பாக இருக்கலாம், நசுங்காமல் உடையும். ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஆணியைக் கையால் இறுகத் திருகி, கால் சுற்று பின்னால் விட வேண்டும். இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்றச் சுத்தியல் தேடணும்.

கொக்கி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்க வேண்டும். பம்பர், முன்புறக் கம்பி கார்டு, ஸ்டியரிங்கின் டை ராடு, ஸ்பிரிங் பட்டை, வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகக் கம்பெனி வைத்த மெல்லிய வளையம், டிரெய்லர் மாட்டும் உருண்டை எதிலும் மாட்டக் கூடாது. கொக்கியைப் போல்ட் போட்டு மாட்டுவதானால் தலையில் 8.8 என்று குறியிட்ட போல்ட். குறியில்லாத போல்ட் ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும், கிலோக் கணக்கில்தான் தாங்கும்.

இழுக்கும்போது இரண்டு வண்டியும் ஒரே நேர்கோட்டில். பெல்ட்டில் 2 மீட்டர் தொய்வு விட்டு, முறுக்கில்லாமல் பாம்பு மாதிரி வளைத்துப் போட வேண்டும். நடுவில் நனைத்த சணல் சாக்கு ஒன்றைத் தொங்கவிட வேண்டும், அறுந்தால் வீச்சைக் குறைக்கும். ஏலக்காட்டில் சாக்குக்கா பஞ்சம்? கயிற்று நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் டிரைவர்கள் தவிர யாரும் நிற்கக் கூடாது. முன் வண்டி லோ கியரில் 8, 10 கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் வேண்டாம். சிக்கிய வண்டியும் முதல் கியரில் கூடவே உருள வேண்டும். மூன்று முறை இழுத்தும் வரவில்லை என்றால் மறுபடி மண்வெட்டியை எடுங்கள். தொடர்ந்து இழுத்த நைலான் சூடேறி நீட்சியை இழந்திருக்கும், அதற்கும் சற்று ஓய்வு வேண்டும்.

உதவிக்கு இன்னொரு வண்டி இல்லாத இடத்தில் கை வின்ச், அதாவது நெம்புகோலை ஆட்டிக் கம்பிக் கயிற்றை இழுக்கும் கருவி. மின்வாரிய ஆட்கள் கம்பி இழுக்க வைத்திருக்கும் டிர்ஃபர் வகை 1.6 டன் இயந்திரம் பழையதாகவும் கிடைக்கும். கூட ஒரு ஸ்னாட்ச் கப்பி (பக்கவாட்டில் திறந்து கயிற்றைப் போடும் கப்பி) போட்டுக் கயிற்றை மடக்கினால் இழுவை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். அதிகச் சுமையில் உடைந்து போவதற்கென்றே அதன் நெம்புகோலில் ஊசி வைத்திருப்பார்கள். அது உடைந்த இடத்தில் ஆணி அடித்து ஓட்டுகிறவர்கள் உண்டு, பிறகு உடைவது கயிறு. கைப்பிடியில் குழாய் சொருகுவதும் அதே ரகம். வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் தூக்கும் செயின் பிளாக் படுக்கை வாட்டில் இழுப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. கட்டும் மரத்தையும் பார்க்க வேண்டும். மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கை கையோடு வந்துவிடும். முற்றிய பலாவின் அடித்தூரில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலப் பட்டையால் கட்டினால் மரப்பட்டையும் அறுபடாது.

எலக்ட்ரிக் வின்ச் ஜீப் டிரைவருக்குத் தேவையில்லை. முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை குடிக்கும், பழைய பேட்டரி தாங்காது. அதற்கான பம்பரை மாட்டினால் வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டிக் கேரளச் சோதனைச் சாவடியில் நிறுத்தவும் செய்வார்கள். டயருக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் ஏணிப் பலகைகளும் அப்படித்தான், டயர் ஒருமுறை சுழன்றாலே பல் உருகிவிடும். நான்கு அடி நீளம், பத்து அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனமுள்ள பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து, தேடி எடுக்க ஒரு கயிறும் கட்டி வைத்தால் அதே வேலை நடக்கும். பாட்டில் ஜாக்கின் அடியில் வைக்க ஒரு சதுர அடிப் பலகையும் வேண்டும், இல்லாவிட்டால் ஜாக் மேலே போகாமல் கீழே போகும்.

டிரைவர் தலைக்கு ஒன்றாக வாங்க முடியாவிட்டால், ஜீப் ஸ்டாண்டுக்கு ஒரு செட் போதும்: 8 டன் பெல்ட் ஒன்று, ஷேக்கிள் இரண்டு, கை வின்ச், கப்பி, மரத்தில் கட்டும் அகலப் பட்டை. ஆளேற்றி வரச் சொல்கிற தோட்ட முதலாளிகள் இதில் பாதிச் செலவை ஏற்க வேண்டும், வண்டி இறங்குவது அவர்கள் சாலையில்தான். வேலை முடிந்த பெல்ட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டு வைக்கட்டும். ஓரம் பிசிறிய பெல்ட்டை யாரும் எடுத்துப் போகாதபடி இரண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக்குகள் இருவர்,
போடிநாயக்கனூர்.