வாடகை கொடுத்தவர்களுக்கும் வாரம் தவறாமல் வந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடலைப் போன பள்ளி விடுமுறைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உதவியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழர்கள், அதனால் நன்றியை நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள் டீச்சர் என்று பள்ளிச் செயற்குழுவினர் என்னிடம் விட்டுவிட்டார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: கோலாலம்பூர் புடு வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் நடக்கிறது எங்கள் பள்ளி. மியன்மாரின் மேற்கு மலைகளிலிருந்து வந்த சின் மக்கள் தாங்களே குழு அமைத்து, தங்கள் பிள்ளைகளுக்காக நடத்துவது. ஆசிரியர்களில் பலரும் அகதிகள்தான். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, ஆகவே கையில் யூஎன் கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அடையாள அட்டை) இருந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. இந்த மாடி இல்லையென்றால் பெற்றோர் உணவகத்துக்கும் கட்டுமான வேலைக்கும் போன பிறகு, பூட்டிய அறைக்குள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்தி வைத்தது பலருக்கு ஒரு நாள் செய்தி. எங்களுக்கு அது வருகைப் பதிவேட்டில் வந்து விழுந்தது. இந்தக் குடும்பம் சீக்கிரம் அமெரிக்கா போய்விடும் என்று நாங்கள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த பெயர்களை எல்லாம் மறுபடி அழித்து எழுத வேண்டியதாயிற்று. பெட்டி கட்டி, புத்தகப் பையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, எல்லாரிடமும் விடைபெற்றுப் போன ஒரு பையன் அடுத்த திங்கட்கிழமை பை இல்லாமல் வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் தன் நோட்டின் நடுத்தாளைப் பிரித்துக் கொடுத்தான். பிள்ளைகள் கூடினார்கள், வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது, இரண்டு மாத வாடகை நின்றுபோனது, மூன்றாவது மாதமும் கட்டாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிலை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பை வாங்கித் தருகிறோம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம் என்று வருபவர்கள் எப்போதும் உண்டு, அவர்களுக்கும் நன்றி. ஆனால் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் காசு கொடுக்க ஆள் கிடைப்பது மிகவும் கஷ்டம், ஏனென்றால் அதைப் படம் எடுத்துக் காட்ட முடியாது. மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்), முப்பது வெள்ளி என்று இன்றுவரை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் காசில்தான் மாடியில் விளக்கு எரிகிறது. அதில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுபவர், தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணே, போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

அப்புறம் எங்கள் கணக்கு வாத்தியார் ஐயா. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வாரம் மூன்று நாள் வருகிறார். ஏன் ஐயா இவ்வளவு சிரமம் என்று ஒருநாள் கேட்டேன். தன் அப்பா படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே இடத்தில். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று 1923இல் தொழிலாளர் சட்டம் வந்ததால் கிடைத்த கொட்டகை அது. "அந்தக் கொட்டகை இல்லேன்னா நான் ஏது?" என்றார், அவ்வளவுதான், பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

அவர் செய்த இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சின் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வெளித் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு பெண் பேனாவை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள், ஏதோ தன்னிடம்தான் குறை என்பது போல. ஐயா தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து அவள் முன்னால் வைத்தார். தன் பெயர், அதன் பிறகு அனாக் லெலாக்கி (மலாயில் மகன்), அதன் பிறகு அப்பா பெயர். "பாரு, எனக்கும் குடும்பப் பெயர் இல்ல, நான் இன்னாருடைய மகன், அவ்வளவுதான்" என்று மலாயில் சொன்னார். அவள் அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு தன் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினாள், அழுத்தி, நிதானமாக. 2021 அக்டோபரில் எரிந்த, மியன்மாரின் சின் மாநிலத்துத் தன்ட்லாங் ஊர்க்காரி அவள்.

பயிற்சித் தாள்களைக் காகித விலைக்கு மட்டும் அச்சடித்துத் தரும் அச்சகக்காரருக்கு நன்றி. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு அனுப்பும் கோயில் நிர்வாகத்துக்கும் சமையல்கட்டு அம்மாக்களுக்கும் நன்றி. சின் பிள்ளைகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், சாப்பிடுவார்களா என்று தயங்கிக் கேட்டீர்கள். பருப்பு சாதம் முதலில் தீர்கிறது, பாயசம் அதற்கும் முன்னால். செமஸ்டர் விடுமுறையை எங்களுக்குக் கொடுத்த கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு நன்றி. ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்றுதான் நினைத்தேன், தப்பு. ஐந்து பேர் இன்னும் வருகிறீர்கள். புதிதாக ஒருவர் வந்து சிரித்தால் ஒட்டிக்கொண்டு, அவர் நின்றுவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இவர்கள், அதனால் நீங்கள் சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

நிலுவை வாடகை முழுவதும் கட்டியாகிவிட்டது. இந்த வருடம் முடியும்வரை இடம் உறுதி, எழுத்தில் வாங்கிவிட்டோம். பிள்ளைகள் தங்கள் மொழியில் "கா லோம்" என்று சொல்லச் சொன்னார்கள், நன்றி என்று அர்த்தம், சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டு ஒரு அட்டை செய்திருக்கிறார்கள். கோயில் அண்டாவும் இரண்டு கரண்டியும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. வரும் வெள்ளிக்கிழமை அட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறோம்.