காட்டுயிர் வேலைக்குப் போகிறேன் என்ற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, ஆச்சி, நான் எல்லாரும் சுகம். ஆற்றில் நல்ல தண்ணீர், குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. நீ போனில் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்வார், பேச்சு சம்பளத்தில் போய் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பி.எஸ்சி. விலங்கியல் முடிந்ததும் பி.எட். சேர மாட்டேன், காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போவேன் என்கிறாய். போ பாப்பா. எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த வேலையில் விலங்கைப் பார்க்கிற நேரம் கொஞ்சம். நடக்க வேண்டும், எண்ண வேண்டும், எண்ணியதை அன்றன்றே எழுத வேண்டும், ஊர்க்காரர்களோடு மணிக்கணக்கில் பேச வேண்டும். நாள் அதிலேயே போய்விடும். யானையும் புலியும் யாருக்குத்தான் பிடிக்காது? மற்றதெல்லாம் உனக்குப் பிடிக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அதை நானோ உன் பேராசிரியரோ சொல்ல முடியாது. தன்னார்வலராகப் போய் நின்று நீயேதான் பார்க்க வேண்டும்.

நீ சென்னையில் இருப்பது இதற்குப் பெரிய வசதி. தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று அங்கே இருக்கிறது, எஸ்.எஸ்.டி.சி.என். என்பார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடப்பார்கள். ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்து, குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துப்போய் வேலி கட்டிய பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். பொரிக்க ஒன்றரை மாதம், சில சமயம் அதற்கும் மேல். கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து நகர வேண்டிய குஞ்சு, தெருவிளக்கைப் பார்த்துவிட்டால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். பொரிப்பகம் தேவைப்படுவதற்கு அந்த விளக்குகளும் ஒரு காரணம்.

ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போகாதே. சீசன் முடியும்வரை போ. சில ராத்திரி ஒரு தடம்கூடக் கிடைக்காது, கால்வலியோடு ஹாஸ்டலுக்குத் திரும்புவாய். சில ராத்திரி செத்த ஆமைதான் கிடைக்கும். 2025 ஜனவரியில் அந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆமை நுரையீரலால் மூச்சுவிடுகிற பிராணி என்று நான் உனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். இழுவைமடிக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் மூழ்கிச் சாகிறது. செத்ததையும் அளப்பார்கள், ஓட்டின் நீளத்தை எழுதுவார்கள். அழுகை வந்தால் அழுதுகொள், ஆனால் அளவை முடித்துவிட்டு வா. மறுநாள் காலையில் குப்பத்தில் யாரிடமாவது உட்கார்ந்து பேசு. கரையை ஒட்டி ஏன் மடி இழுக்கிறார்கள், டீசலுக்கு எவ்வளவு ஆகிறது, வலையில் ஆமை தப்பிக்கும் கருவி வைத்தால் மீன் போய்விடும் என்று ஏன் பயப்படுகிறார்கள் என்று கேள். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டு எழுதி வை. ஆமையைப் பற்றி நீ தெரிந்துகொள்வதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்து வேலையும் உனக்குத் தெரியும். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மையம் 2011 முதல் நடத்துகிறது, நானும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விடியுமுன் குளத்துக்கரையில் நின்று நாமக்கோழியையும் கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் எண்ணுவது சுலபம். ஊசிவால் வாத்தில் பெட்டை எது, தட்டைவாயனில் பெட்டை எது என்று தூரத்திலிருந்து பிரிக்கும்போதுதான் தெரியும் யாருக்குப் பொறுமை இருக்கிறதென்று. தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும், ஊகித்து எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. ஒரு வருஷக் கணக்கை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த வருஷம் மழை பெய்யாமல் பறவை வேறெங்கோ போயிருக்கலாம். அதே குளத்தை அதே மாதத்தில் வருஷாவருஷம் எண்ணினால்தான், குறைவது பறவையா தண்ணீரா என்று பேச முடியும்.

அப்பாவிடம் சொல்வதற்கு நான் ஒரு ஆளை வைத்திருக்கிறேன். நம் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். அவரும் விலங்கியல்தான், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஆசிரியர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை ஆராய்ந்தார். இருக்குமிடம் காட்டும் ரேடியோப் பட்டை எதுவும் கட்டாமல், கூட்டத்தின் பின்னால் நடந்து, அவை அடித்த மானைப் பார்த்து, எச்சத்தைப் பொறுக்கி வந்து முடியையும் எலும்பையும் பிரித்து எதைத் தின்றன என்று கண்டுபிடித்தார். காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை அப்படி ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். பிறகு டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தார், அதைவிட அவர்களை நடக்க வைத்தார். 2024 ஜூனில் காலமானார். வாத்தியார் வேலையை விட்டால் வாழ்க்கை போச்சு என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர்தான் ஞாபகம் வருகிறார்.

படிப்பைப் பற்றி: மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. செலவு நம்மால் தாங்கக்கூடியது. பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஆள் எடுப்பார்கள், இடம் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பொறியியல், மருத்துவம் படித்தவர்கள்கூட அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்புறம் ஜான்சிங் இருந்த டேராடூன் நிறுவனம். எங்கே போனாலும் புள்ளியியல் உன்னை விடாது. அந்தப் பாடத்தை நீ ஒதுக்கி வைத்திருப்பது எனக்குத் தெரியும். இந்த ஆறு மாதத்துக்குள் அதைக் கையில் எடு. வரைபடம் போடும் மென்பொருள் ஒன்றையும் பழகு, இலவசமாகவே கிடைக்கிறது. அரசு வேலைதான் வேண்டும் என்றால் விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம், முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.-க்கும் அதற்கும் ஒன்றே. டி.என்.பி.எஸ்.சி. வனத் தொழில் பழகுநர் தேர்வும் இருக்கிறது. அப்பாவுக்கு இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பட்டம் வாங்கியதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய, இருளர் பழங்குடியினரின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புளோரிடாவில் மலைப்பாம்பு பெருகித் தொல்லையானபோது, தேடித் தரச் சொல்லி இவர்களைத்தான் கூட்டிப்போனார்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிக்கிற அறிவு அது. நம் மலையிலும் காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். களத்தில் உன்னைவிட வயதில் மூத்த காவலரை அண்ணா, ஐயா என்று கூப்பிடு, அவர் சொன்னதை எழுதும்போது அவர் பெயரோடு எழுது. வீடியோவுக்காக நீ பாம்பைப் பிடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். 1972-ஆம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. காசு கட்டினால் குட்டியைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிடும் இடங்களுக்கும் போகாதே. விலங்கின் மேல் அக்கறை உள்ளவர்கள் அதைத் தொட விட மாட்டார்கள்.

வால்பாறையைப் பார். மனிதரும் யானையும் எதிர்பாராமல் எதிரெதிரே வந்துவிடுவதுதான் அங்கே பெரும்பாலான சாவுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆட்கள். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று குறுஞ்செய்தி, உள்ளூர் டிவியில் ஓடும் எழுத்து, சாலையோரம் சிவப்பு விளக்கு. சாயங்கால பஸ்ஸில் இறங்குகிற தேயிலைத் தொழிலாளிக்கு அது போதும், அவர் வேறு வழியில் போய்விடுவார், யானையும் பிழைத்துக்கொள்ளும். இதைத்தான் நான் பாதுகாப்பு வேலை என்று நினைக்கிறேன்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை நம் கண்முன்னால் பார்த்தோம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை அது, அந்தக் குத்தகை 2028-இல் முடிகிறது. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் 2024-இல் சாமான் செட்டோடு இறங்கி வந்ததை நினைத்தால் தொண்டை அடைக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு வேலை செய்ய உன்னால் முடியுமா என்று யோசி. முடியும் என்றுதான் அம்மா நம்புகிறேன்.

பெண்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கள முகாமுக்குப் போவதற்கு முன்னாலும், அங்கே இன்னொரு பெண் இருக்கிறாளா, கழிப்பறை எப்படி, புகார் சொல்ல உள்குழு இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். காட்டிலிருந்து வந்து ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போயிருந்தேன் என்று முதலில் சொல். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் உண்டு. சரியான நேரத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சரியாகிவிடும், கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

பணம். ஆரம்பத்தில் திட்ட உதவியாளர் வேலைதான் கிடைக்கும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டிவரும். அப்பாவின் பயம் அதுதான், அது நியாயமான பயம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முனைவர் பட்டம்வரை உதவித்தொகை வரும், அதைக் குறி வை. அதுவரை இரண்டு வருஷம் உன்னைத் தாங்க என் ஓய்வூதியம் போதும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சை அந்த இரண்டு வருஷமும் யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். ஆச்சியும் சரி என்றாள்.

இந்த வாரமே ஆமைக் குழுவுக்கு எழுது. எந்தெந்த ராத்திரி வர முடியும், எவ்வளவு தூரம் நடப்பாய், இதுவரை என்ன எண்ணியிருக்கிறாய், அதை மட்டும் எழுது. ஆர்வம் அதிகம் என்று பக்கம் பக்கமாக எழுதாதே. வார்டனுக்கு அனுமதிக் கடிதம் தனியாக இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு உன் பெயரையும் கொடுத்துவிட்டேன், பொங்கல் கூட்டத்துக்கு முன்னாலேயே நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடு. என் பைனாகுலரை நான் யாருக்கும் தர மாட்டேன். வருகிற வழியில் உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள், எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பணம் நாளைக்கு உன் கணக்குக்கு வரும்.

அன்புடன்,
அம்மா