வேலூர்க் கோட்டை அகழி: வடிகாலைப் பார்த்துவிட்டுத் தூர்வாருங்கள்

இந்தியத் தொல்லியல் துறை, வேலூர் மாநகராட்சி அலுவலர்களுக்கு வணக்கம்.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக்காலத்தில் எழுந்த இந்தக் கோட்டையில் அகழி, மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் மூன்றையும் தனித்தனியாகப் பராமரிக்க முடியாது. 2021 நவம்பர் மழையில் அகழித் தண்ணீர் கோயிலுக்குள் புகுந்ததை ஊரே பார்த்தது. மிகுநீர் பாலாற்றுப் பக்கம் போகும் வழி அடைபட்டிருந்தால் தண்ணீர் வேறெங்கே போகும்? ஆகவே முதலில் அந்த வழியைத் திறந்து வையுங்கள். சாயம் கலந்த தண்ணீரை வடிகாலின் அகழி முனையில் விட்டு, மறுமுனையில் வந்து சேருகிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பாருங்கள். நடுவில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. கோயில் தளத்தின் மட்டத்தையும் வடிகாலின் அடிமட்டத்தையும் லெவல் கருவியால் அளந்து, அகழிக்குள் நடும் ஒரே அளவுக்கல்லில் இரண்டையும் குறியுங்கள்.

அகழியை வற்றவைக்கும்போதுதான் எங்களுக்குப் பயம் அதிகம். மதிலுக்குப் பின்னால் உள்ள மண் ஊறிக் கிடக்கும்; முன்னால் நிற்கும் தண்ணீர்தான் அதற்கு முட்டு. நாலைந்து மோட்டார் போட்டு அவசரமாக இறைத்தால் முட்டு போய்விடும். மண்ணுக்குள் சிக்கிய நீர் கல்லை வெளியே தள்ளும். ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் இறக்காதீர்கள். கல் இடுக்கில் தெளிந்த நீர் கசிந்தால் பரவாயில்லை. கலங்கலாக வந்தால் உள்மண் அரிக்கிறது என்று பொருள். மோட்டாரை உடனே நிறுத்துங்கள்.

பொக்லைன் மதிலடியை நெருங்கவே கூடாது. நாலு மீட்டர் அகலத்துக்கு வண்டலை விட்டுவைத்து, அடிமானத்தின் ஆழம் தெரிந்த பிறகு மண்வெட்டியால் மட்டும், துண்டு துண்டாக எடுங்கள். வாரிய வண்டலை அப்படியே லாரியில் ஏற்றாமல் சலித்துப் பாருங்கள். 1806 சிப்பாய் எழுச்சியைக் கண்ட கோட்டை இது. காசும் குண்டும் பானை ஓடுகளும் அந்தச் சேற்றில் இருக்கக்கூடும். அகழித் தரைக்கு கான்கிரீட் வேண்டவே வேண்டாம், நிலத்தடி நீர் ஊறும் வழி அடைபடும்.

மதிலில் முளைத்த அரச மர, ஆலமரக் கன்றுகளைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். வெட்டிய முனையில் உடனே மருந்து தடவி, வேர் செத்த பிறகு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துக் கல்லின் முகமே உரியும்.

சாக்கடை கலந்துகொண்டிருக்கும் வரை ஆகாயத்தாமரையும் திரும்பத் திரும்ப வரும். அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றாவிட்டால் வெள்ளத்தில் மிதந்து போய் வடிகால் வாயையே அடைத்துவிடும். மழைக்காலம் முழுவதும் அளவுக்கல்லின் அன்றாட மட்டத்தைக் கோட்டை வாசலில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கோட்டைப் பராமரிப்பில் அக்கறை கொண்டோர்