தாடை அறுவைச் சிகிச்சை: திரையில் தெரியும் முகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தாடைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடுவதில் செயற்கை நுண்ணறிவு புகுந்திருப்பதை வரவேற்கிறேன். முப்பரிமாண சிடி ஸ்கேன் படத்தில் எலும்பையும் பற்களையும் கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயையும் பிரித்து வரைவது, முன்பு வல்லுநர் ஒருவர் கணினிமுன் நெடுநேரம் அமர்ந்து செய்த வேலை. இப்போது மென்பொருள் அதை விரைவாக வரைந்து தர, மருத்துவர் சரிபார்த்துத் திருத்துகிறார். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும் என்பதால், இது சிறிய நன்மையன்று.

என் தயக்கம் வேறிடத்தில் உள்ளது. சிகிச்சைக்குப் பின் முகம் எப்படியிருக்கும் என்று திரையில் காட்டப்படும் உருவம், மென்பொருள் ஏற்கெனவே கற்ற முகங்களிலிருந்து கணிக்கப்படுவது. தாடை, உதடு ஆகியவற்றின் இயல்பான அளவுகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதைப் பல் சீரமைப்புத் துறை நெடுங்காலமாக அறியும். சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள இந்தியர்களின் முகங்கள் அந்தப் பயிற்சித் தரவில் எத்தனை இருந்தன என்று கேட்பது நியாயமே. பல்லில் கம்பி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் இளையர், அந்தப் படத்தை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார். வீக்கம் முழுதும் வடியப் பல மாதங்கள் பிடிக்கும் என்பது அதில் தெரியாது.

சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் மருத்துவத்துறைச் செயற்கை நுண்ணறிவுக்கான வழிகாட்டி நெறிமுறைகளை 2021ல் வெளியிட்டன. அவற்றையொட்டி, மென்பொருளின் பங்கையும், கணிப்பு எத்தனை மில்லிமீட்டர் விலகக்கூடும் என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், எழுதித் தருமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி